பழைய பொட்டிக்கு ஒரு வக்காலத்து

போன மாசம் எங்கள் வகுப்பில் ஒருத்தன் கேமிங் லேப்டாப் வாங்கிட்டான். எழுபத்தைந்தாயிரம் சொச்சம், எல்லாம் ஈஎம்ஐ உபயம். கீபோர்டில் கலர் கலராக லைட் எரிந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு முடிந்ததும் மொத்த பெஞ்சும் அவனைச் சுற்றி நின்றது. அந்தக் கும்பலில் ஒருத்தன் மட்டும் என் பக்கம் ஒதுங்கி மெதுவாகக் கேட்டான்: "மச்சி, என்கிட்ட பத்து பன்னெண்டாயிரம் தான்டா இருக்கு. அதுல கேமிங் பிசி வருமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் இருந்து பதில் வந்துவிட்டது. "அந்தக் காசுக்கு பிளே ஸ்டேஷன் படம்தான் வாங்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அவன் முகம் சிரிக்கவில்லை.

அந்த முகத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. என் பதில்: வரும்டா. ஆனா ஒரு கண்டிஷன். வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய பொட்டி இருக்கணும். அதைத் திறந்து பார்க்கும் பொறுமையும் இருக்கணும்.

முதலில் என் கதை. எங்கள் வீடு ஆரணியில் ஒரு தறி வீடு. எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: பட்டுப் புடவை, பொன்னி அரிசி, இது ரெண்டுக்கும் பேர் போன ஊர். புடவையின் பார்டரிலும் முந்தானையிலும் வரும் மயில், மாங்காய், அன்னம் எல்லாம் தறிக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியின் வேலை. அந்தப் பெட்டிக்கு அட்டைகள் போடணும். அட்டையில் எங்கே ஓட்டை இருக்கோ, அதைப் பொறுத்துத்தான் எந்த இழை மேலே போகணும் என்று முடிவாகும். முன்னெல்லாம் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்து, அதைப் பார்த்துக் கையால் அட்டை அடிப்பார்கள். அப்புறம் டிசைன் வேலை கம்ப்யூட்டருக்கு மாறியது.

2020 ஊரடங்கு சமயம் எனக்குப் பள்ளிக்கூடம் போனில் நடந்தது. வீட்டில் இருந்த ஒரே போனும் அப்பாவிடம். அப்போது எங்கள் தெருவில் டிசைன் போடும் அண்ணன் ஒருத்தர் புது மெஷின் வாங்கியதால் பழசை ஓரம் கட்டி வைத்திருந்தார். அப்பா போய்ப் பேசி 3,500 ரூபாய்க்கு அதைத் தூக்கி வந்தார். இன்டெல் கோர் ஐ5 4590 ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், பதினெட்டரை இன்ச் மானிட்டர். உள்ளே பட்டு நூல் தூசி மட்டும் ஒரு கைப்பிடி. அந்தப் பொட்டியில்தான் படித்தேன், டேலி கத்துக்கிட்டேன். போன ஐந்து வருஷத்தில் அது ஆன் ஆகும் நேரத்தில் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம் என்ற நிலைமைக்கும் வந்துவிட்டது.

பத்தாம் வகுப்புப் பசங்களுக்கு டியூஷன் எடுத்ததில் என் கையில் 12,000 ரூபாய் சேர்ந்தது. புது கேமிங் பிசிக்கு விலை விசாரித்தால் யாரும் ஐம்பதாயிரத்துக்குக் கீழே பேசவே மாட்டேன் என்றார்கள். வீட்டில் வந்து புலம்பினேன். அப்பா தறியில் இருந்து தலையைத் தூக்காமலேயே கேட்டார். "பாவு தீர்ந்து போச்சுன்னா தறியையா மாத்துறோம்?"

தறி வீட்டில் பிறக்காதவர்களுக்கு இது புரியாது, சொல்கிறேன். ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் கடைசி நூல்களை அச்சிலும் விழுதிலும் இருந்து உருவி எடுக்க மாட்டார்கள். அப்படியே விட்டு வைத்து, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்துப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பழசு புதுசை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். எங்கள் தறியின் மரச்சட்டம் தாத்தா காலத்தது. ஜக்கார்டு பெட்டி அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போன தீபாவளிக்குத்தான் அச்சு மாற்றினோம். இதில் எது "பழைய தறி", எது "புதுத் தறி"? அந்தக் கேள்வியே எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. புடவை ஒழுங்கா வருதா, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. கம்ப்யூட்டருக்கே இந்தத் தறி ஒரு வகையில் பெரியப்பா. பிரான்சில் ஜோசப் மேரி ஜக்கார்டு தன் தறியை 1804இல் கொண்டுவந்தார். ஓட்டை போட்ட அட்டை இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கலாம் என்ற அந்த யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் அட்டைகளை வைத்துத்தான் எண்ணினார். அவர் கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து, 1924இல் ஐபிஎம் என்று பேர் மாற்றிக்கொண்டது. அதனால் தறிக்காரன் சொல்வதைக் கம்ப்யூட்டர்காரன் கொஞ்சம் கேட்கலாம், தப்பில்லை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். நாம் எல்லோரும் தப்பான கேள்வியில் இருந்து ஆரம்பிக்கிறோம் என்பதுதான் என் கட்சி. "இத்தனை ரூபாய்க்கு எந்த பிசி நல்லது?" என்பது கடைக்காரனுக்கு வசதியான கேள்வி. "என்கிட்ட என்ன இருக்கு? அதுல எது என்னைத் தடுக்குது?" என்பது நமக்கு வசதியான கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் எப்போதும் ஒரு முழுப் பொட்டி. இரண்டாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஒன்றிரண்டு பாகங்கள்தான்.

என் பொட்டியைத் திறந்து பார்த்தேன். கோர் ஐ5 4590 வந்தது 2014இல். நான்கு கோர், 3.3 கிகாஹெர்ட்ஸ். இன்றைய கணக்கில் கிழவன்தான். ஆனால் ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015 ஏப்ரலில். அந்தக் காலத்து விளையாட்டுகளுக்கு இந்தக் கிழவன் அப்போதே தாராளமாகப் போதும். என்னைத் தடுத்தது வேறு மூன்று: ராம், ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு. கூடவே நான்காவதாக ஒரு வில்லன் ஒளிந்திருந்தான், அவனைப் பற்றி அப்புறம்.

பி.காம் படிப்பதன் பலன், எதையும் பேலன்ஸ் ஷீட்டாகப் பார்க்கும் வியாதி. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 40 சதவீதம், குறைந்து வரும் மதிப்பு முறையில். 40,000 ரூபாய்க்கு வாங்கிய பொட்டி ஒரு வருஷத்தில் 24,000. இரண்டாம் வருஷம் 14,400. இப்படியே பத்து வருஷம் போட்டால் புத்தகத்தில் நிற்பது 242 ரூபாய். கணக்குப் புத்தகம் அப்படிச் சொல்லும். ஆனால் பத்து வருஷப் பழைய ப்ராசஸர் இன்னும் அதே 3.3 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மதிப்புதான் தேய்ந்தது, வேலை தேயவில்லை. இந்த இடைவெளிதான் நம்மை மாதிரி ஆட்களுக்கு வாய்ப்பு. யாரோ தேய்த்துத் தள்ளிய காசு, நமக்கு லாபம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. பழைய பொட்டிக்குச் செலவு செய்யும்போது எல்லாச் செலவும் ஒன்றில்லை. சில பாகங்கள் இந்த மதர்போர்டோடு சாகும். சில பாகங்கள் அடுத்த பொட்டிக்கும் கூட வரும். என் போர்டு டிடிஆர்3 ராம் போடுவது. புதுப் போர்டுகளில் டிடிஆர்3 செருகவே செருகாது. ஆக, அந்த ராமுக்குப் போடும் காசு சாகப்போகும் காசு. அதேபோல் இதே போர்டில் போடக்கூடிய பெரிய ப்ராசஸர் ஐ7 வாங்கினால் அதுவும் சாகப்போகும் காசுதான். ஆனால் எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு மூன்றும் நாளைக்கு வேறு பொட்டிக்கு மாறிக்கொள்ளும்.

ஆகவே விதி: சாகப்போகும் பாகத்தில் குறைவாகப் போடு. கூட வரும் பாகத்தில் தைரியமாகப் போடு.

2025 ஆடி மாசம் சென்னைக்கு பஸ் ஏறினேன். ரிச்சி தெருவை நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. மவுண்ட் ரோடு பக்கத்தில், சிந்தாதிரிப்பேட்டை ஓரமாக, சின்னச் சின்னச் சந்துகள். ஒரு கடையில் ஒயர் மட்டும், ஒரு கடையில் ஃபேன் மட்டும், ஒரு கடையில் பழைய ராம் மட்டும் வெற்றிலை மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் வாங்கியது இதுதான்:

256 ஜிபி எஸ்எஸ்டி, புதுசு - 1,800
8 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு, பழசு - 1,300
ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு 4 ஜிபி, பழசு - 6,000
450 வாட் எஸ்எம்பிஎஸ், நல்ல கம்பெனி, புதுசு - 2,300
ப்ராசஸருக்குத் தடவும் தெர்மல் பேஸ்ட் - 150
பஸ், டீ, சாப்பாடு - 400

மொத்தம் 11,950. இதில் பஸ்சையும் சாப்பாட்டையும் விட்டால் பொருளுக்கு 11,550. அதில் எஸ்எஸ்டி, கார்டு, எஸ்எம்பிஎஸ் சேர்த்து 10,100 ரூபாய் அடுத்த பொட்டிக்கும் கூட வரும். செத்துப் போகும் காசு வெறும் 1,450. பன்னிரண்டாயிரத்தை நான் பழைய குப்பையில் கொட்டினேன் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு வரிதான் பதில்.

இது ஒருத்தருடைய விலைப்பட்டியல்தான், நாளைக்கே மாறும். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி விற்பதில் லாபம் அதிகம் என்று கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில் தன் க்ரூஷியல் பிராண்டு நுகர்வோர் வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. நம்மைப் போல ஒரு ஸ்டிக், ரெண்டு ஸ்டிக் வாங்குபவர்கள் அவர்கள் கணக்கில் சில்லறை. புதுசு இப்படி எட்டாத உயரத்துக்குப் போகும்போது, கையில் இருக்கும் பழசின் மதிப்பு தானாகக் கூடுகிறது.

இனி அந்த ஒளிந்திருந்த வில்லன். எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டப்பா. என் பழைய டப்பாவின் மேல் "450 வாட்" என்று பெரிசாகப் போட்டிருந்தது. ஆனால் அதே ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கிப் பாருங்கள். 12 பெருக்கல் 14, 168 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் முக்கியமாகச் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். என் ப்ராசஸர் 84 வாட், கார்டு 75 வாட், சேர்த்தாலே 159. இன்னும் ஹார்ட் டிஸ்க், ஃபேன், போர்டு எல்லாம் பாக்கி. பழைய டப்பாவை வைத்தே ஓட்டியிருந்தால் என்றைக்காவது ஒருநாள் ஆறாயிரம் ரூபாய்க் கார்டையும் சேர்த்துக்கொண்டு போயிருக்கும். கரண்ட் போய் வரும் ஊர்களில் இது விளையாட்டே இல்லை. பழசைக் காப்பாத்து என்று வக்காலத்து வாங்கும் நானே சொல்கிறேன், எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் பழசு வேண்டாம், பேர் தெரியாத கம்பெனியும் வேண்டாம்.

கார்டு தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. "லேட்டஸ்டா வாங்கு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பழைய போர்டுக்குப் புதுக் கார்டு எல்லாமே பொருந்தாது. உதாரணத்துக்கு ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் 2022இல் வந்தவை, 1650ஐ விடப் புதுசு. ஆனால் அவற்றுக்குப் போர்டோடு பேச நான்கு பாதைதான். புதுப் போர்டில் அந்த நான்கு பாதையில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். என் எச்81 போர்டில் அதே நான்கு பாதையில் சுமார் 2 ஜிபிதான். ஆரணி பஜார் தெருவில் ஆம்னி பஸ் விட்ட கதை. ஜிடிஎக்ஸ் 1650 2019இல் வந்தது, ஆனால் பதினாறு பாதை. அதனால் பழைய போர்டிலும் 8 ஜிபி வரை கிடைக்கும். இன்னொரு பக்கம் ரொம்பப் பழைய கார்டும் வேண்டாம். ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ போன்ற கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி பாதுகாப்புக்கான திருத்தங்கள் மட்டும், அதுவும் 2028 வரை.

பழைய கார்டு வாங்குபவர்கள் இதையும் கவனிக்கவும். 2022 செப்டம்பர் 15 அன்று எதேரியம் காசு, கார்டு வைத்துத் தோண்டும் முறையை விட்டது. அதுவரை ராப்பகலாக ஓடிய கார்டுகள் மார்க்கெட்டில் வந்து குவிந்தன. அதெல்லாம் கெட்டது என்று இல்லை. ஆனால் ஃபேனைச் சுற்றிப் பார்க்காமல், கண் முன்னால் அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். என் நண்பன் ஒருத்தன் இணையத்தில் "1050 டிஐ" என்று ஒன்று வாங்கினான். பெட்டியும் பேரும் புதுசு, உள்ளே இருந்தது பல வருஷம் முந்தைய வேறு ஒரு கார்டு, பேரை மட்டும் மாற்றி எழுதியிருந்தார்கள். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் இந்த மாதிரி டூப்ளிகேட் என்விடியா கார்டுகளைக் கண்டுபிடித்துச் சொல்லும். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் கோபப்பட்டால் அடுத்த கடை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டினேன். அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் ஒன்று செத்துக் கிடந்தது. 2011 செப்டம்பரில் ஆரம்பித்த அந்த இலவச லேப்டாப் திட்டத்தின் மிச்சங்கள் தமிழ்நாட்டில் எத்தனை பரணில் இருக்குமோ. அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் பொட்டியில் மாட்டினேன், வேலை செய்தது. அதன் ராமும் டிடிஆர்3தான், ஆனால் லேப்டாப் ராம் சைஸே வேறு, செருகாது. பழைய பாகத்தில் கொஞ்சம் இப்படித்தான், கொஞ்சம் அப்படித்தான்.

எல்லாம் மாட்டி முடித்து மானிட்டர் ஒயரை எடுத்தால்... துளையே இல்லை! என் மானிட்டரில் இருப்பது பழைய விஜிஏ மட்டும். புதுக் கார்டில் விஜிஏ கிடையாது. ஹெச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் ஒரு சின்ன அடாப்டர் வேணும். விலை 250. கையில் இருந்தது 50. இவ்வளவு கணக்குப் போட்ட பி.காம் மாணவன் மானிட்டரின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. அப்பா சட்டைப் பையில் இருந்து இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். "பார்டர் எல்லாம் போட்டுட்டு முந்தானைய மறந்துட்ட" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கூலி எத்தனை நாள் கழித்து வந்த வாரம் அது என்று எனக்குத் தெரியும்.

அந்த மானிட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரும் அதைத்தான் முதலில் மாற்றச் சொல்கிறார்கள். 1366 பெருக்கல் 768, மொத்தம் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டி என்றால் இருபது லட்சத்துக்கு மேல். அதாவது என் கார்டுக்குப் பாதி வேலைதான். சின்னக் கார்டுக்குச் சின்ன மானிட்டர் வரம். ஜிடிஏ 5 கதையை நல்ல செட்டிங்கில் அறுபது ஃபிரேமில் ஓட்டுகிறேன். பொட்டி ஆன் ஆக இப்போது டீ போடும் நேரம் கிடையாது.

எல்லாம் பேஷ் பேஷ் என்று சொன்னால் நான் விளம்பரம் செய்கிறேன் என்று அர்த்தம். இந்த வக்காலத்து எங்கே தோற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, விண்டோஸ். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு ஆதரவை முடித்தது. பதிவு செய்து வைத்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம். விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறை, டிபிஎம் 2.0. என் கிழவன் நான்காம் தலைமுறை. கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு, மென்பொருள்தான் "நீ செத்துட்ட" என்கிறது. நான் லினக்ஸும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். பேங்க் வேலை, கல்லூரி வேலை எல்லாம் அதில்தான். ஸ்டீம் கம்பெனி 2018இல் கொண்டுவந்த புரோட்டான் புண்ணியத்தில் விண்டோஸ் விளையாட்டுகள் நிறைய லினக்ஸிலும் ஓடுகின்றன. ஆனால் வேலரன்ட் ஓடாது. விண்டோஸ் 11இலும் டிபிஎம், செக்யூர் பூட் இல்லாமல் அது ஓடாது. உங்கள் உயிரே வேலரன்ட் என்றால் என் வழி உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு, ரொம்பப் பழைய பொட்டி. வீட்டில் இருப்பது கோர் 2 டுயோ என்றால் அதற்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். ரோடு ராஷ், வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் என்று நம் அண்ணன்கள் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் ஆடிய விளையாட்டுகளை ஆட அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அது சந்தோஷமாக ஓட்டும். பெரிய கம்பெனிகளின் ஆபீஸ் மெஷின்களிலும் கவனம் தேவை. பலவற்றில் எஸ்எம்பிஎஸ் பின் வேறு மாதிரி இருக்கும், ஒல்லிப் பெட்டியில் பெரிய கார்டு உட்காராது.

மூன்று, நமக்குப் பாடத்தில் சொல்லித் தந்த மூழ்கிய செலவு. "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் கொஞ்சம்" என்று ஐ7க்கு மூவாயிரம், அப்புறம் அதற்கொரு கூலர், அப்புறம் வேறு போர்டு... இது ஓட்டை வாளி. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என் பொட்டியில் அடிக்கடி திக்குகிறது. காரணம் கார்டு இல்லை, ப்ராசஸர். அதைச் சரி செய்ய இந்தப் போர்டில் இனி காசு போட மாட்டேன் என்று முடிவு பண்ணிவிட்டேன். அடுத்த செலவு அடுத்த போர்டுக்குத்தான். எங்கே நிறுத்துவது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளாதவன் பழைய பொட்டியைத் தொடக்கூடாது.

அப்போ ஈஎம்ஐ வாங்கியவன் முட்டாளா? இல்லை. அவனுக்கு அவன் வசதி. ஆனால் "வட்டியே இல்லாத ஈஎம்ஐ" என்று அவன் சொன்னபோது மட்டும் எனக்குள் இருந்த பி.காம் விழித்துக்கொண்டது. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இன்று நடப்பது, வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுவது. கூடவே பிராசஸிங் கட்டணம், வட்டி மேல் ஜிஎஸ்டி. மொத்தமாகக் காசு கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியும் போச்சு. நானும் நீயும் படிக்கிற படிப்புக்கு, கையெழுத்துப் போடும் முன்னால் இதையாவது கூட்டிப் பார்க்கணும்டா.

கடைசியாக, வீட்டில் கேட்கும் கேள்வி. "கேம் ஆடவா இத்தனை காசு?" டேலிக்கு என்று பொய் சொல்லலாம், ஆனால் டேலிக்குக் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை என்று என் அக்காவுக்கே தெரியும். நான் உண்மையைத்தான் சொன்னேன், ஆடத்தான். தறி வீட்டில் பிறந்தவனுக்கும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் விளையாட ஆசை இருக்கும். அந்த ஆசைக்கு எழுபத்தைந்தாயிரம்தான் நுழைவுச்சீட்டு என்று யாரோ சொன்னால், அதை நம்பி வெட்கப்பட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

அன்றைக்குக் கேட்டவனை அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவன் மாமா வீட்டுப் பரணில் ஒரு பொட்டி இருக்காம், என்ன ப்ராசஸர் என்று தெரியாதாம். ஒரு தாளைக் கொடுத்து இரண்டு பத்தி போடச் சொல்லியிருக்கிறேன். இடது பக்கம் உள்ளே இருப்பது, வலது பக்கம் இல்லாதது. மானிட்டரின் பின்பக்கத்தையும் பார்த்து எழுதுடா என்று இரண்டு தடவை சொன்னேன் :-)

டிஸ்கி: பொட்டியைத் திறக்கும் முன் கரண்ட் ஒயரைப் பிடுங்கவும். தூசி தட்டும்போது மூக்கில் துணி கட்டவும். பட்டு நூல் தூசிக்கு நான் போட்ட தும்மல் பக்கத்துத் தெரு வரை கேட்டதாம்.